புது கேரவனை ஷோரூமிலிருந்து எடுக்கும் முன்

வணக்கம் சகோ. மாதவரத்தில் கேரவன் டெலிவரி எடுத்து திருவொற்றியூர் வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

சாயங்காலம் வேண்டாம், காலையிலேயே போங்கள். பூமாலை, எலுமிச்சம்பழம், போட்டோ எல்லாம் கடைசியில். மீதிப் பணத்தையும் எல்லாம் பார்த்த பிறகு கட்டுங்கள்.

முக்கியமானது தண்ணீர். டேங்கை முழுக்க நிரப்பச் சொல்லி பம்பைப் போடுங்கள். குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, காற்று வெளியேறியதும் மூடுங்கள். பம்பு தானாக நிற்க வேண்டும். எல்லாம் மூடியிருக்கும்போதே பம்பு விட்டு விட்டு ஓடினால் எங்கோ கசிகிறது. சிங்க்குக்கு அடியில் டிஷ்யூ பேப்பரை வைத்து இணைப்புகளை ஒற்றிப் பாருங்கள், ஒரு சொட்டு இருந்தாலும் தெரிந்துவிடும். அப்புறம் கூரைமேல் ஓஸால் நன்றாகத் தண்ணீர் அடிக்கச் சொல்லி, உள்ளே ஜன்னல் ஓரத்தைத் தடவுங்கள். பிளைவுட் ஊறிப்போனால் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும், அதனால் இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

கேஸ் இணைப்பில் கசிவு பார்க்கச் சோப்பு நுரை போதும், தீக்குச்சி கூடவே கூடாது. டயர் ஓரத்தில் 2225 என்று இருந்தால் 2025-இன் 22-வது வாரத் தயாரிப்பு, ஸ்டெப்னியையும் பாருங்கள். சேஸிஸ் எண்ணை இன்சூரன்ஸ் தாளோடு ஒத்துப் பாருங்கள்.

கூரை ஏசியோடு சேர்த்து மொத்த உயரத்தை அளந்து, ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். நம் பக்கம் ரயில்வே சுரங்கப்பாதைகள் அதிகம். நுழைவில் போட்டிருக்கும் உயரத்தைப் பார்க்காமல் உள்ளே விடாதீர்கள்.