வாழும் உயில் எழுதாத துணைக்கு யார் முடிவெடுப்பது? கேள்வி பதில்

தீவிர சிகிச்சைப் பிரிவிலும், பின்னர் வலி தணிப்பு மருத்துவத்திலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இக்கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். வாழும் உயில் என்பது, நினைவிழந்து போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதி வைப்பது.

என் கணவருக்கு 71 வயது. மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு 19 நாட்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். இனி நினைவு திரும்பாது என்கிறார்கள். அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. வென்டிலேட்டரை நிறுத்த நான் கையெழுத்திட்டால் நானே அவரைக் கொன்றதாகாதா?

ஆகாது அம்மா. பயனற்றுப்போன சிகிச்சையை விலக்கி, நோய் தன் போக்கில் முடிய விடுவதும், ஊசி போட்டு உயிரைப் போக்குவதும் சட்டத்தின் முன் வெவ்வேறானவை. கண்ணியத்துடன் இறப்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. வாழும் உயில் எழுதாதவர்களுக்கும் அதில் வழி உண்டு.

அந்த வழிமுறை 2023 ஜனவரியில் எளிமையாக்கப்பட்டது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு, குடும்பத்தாரிடம் நிலைமையை விளக்கி எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறும். மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாவது குழு அதைச் சரிபார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். சிகிச்சையை விலக்குவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். 2011இல், பல ஆண்டுகள் நினைவின்றிக் கிடந்த மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் சொல்லப்பட்ட உயர் நீதிமன்ற முன் அனுமதி இப்போது தேவையில்லை. குழுக்கள் மறுத்தால் மட்டுமே உயர் நீதிமன்றத்தை அணுகும் நிலை வரும்.

உங்கள் மனத்தை அழுத்துவது சட்டம் மட்டுமல்ல என்பதை அறிவேன். அவருடைய தாயார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவர் என்ன சொன்னார், துக்க வீட்டுக்குப் போய்வந்து குளித்துவிட்டு உட்கார்ந்த மாலைகளில் என்ன சொன்னார் என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சொற்களை, யார் யார் கேட்டார்கள் என்பதோடு எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். அப்போது நீங்கள் எடுத்துச் சொல்வது அவருடைய முடிவாகவே இருக்கும்.

மூளைச்சாவும் கோமாவும் ஒன்றா?

இல்லை. மூளைச்சாவு என்பது மரணம். நால்வர் கொண்ட மருத்துவக் குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து அதை உறுதி செய்கிறது. கோமாவில் இருப்பவர் உயிருடன் இருக்கிறார்.

என் அண்ணனின் நிலையும் இதுதான். அண்ணி சம்மதிக்கிறார், உடன்பிறந்தவர்கள் நாங்கள் மறுக்கிறோம். ரத்த உறவை மீறி அண்ணி மட்டும் முடிவெடுக்கலாமா?

தம்பி, மனைவிக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு உடன்பிறப்பு என்று அந்த வழிமுறையில் வரிசை எதுவும் வகுக்கப்படவில்லை. நெருங்கிய உறவினர் என்றே அது பேசுகிறது. ஆனால் முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவருக்குத் தெரிந்தது, தீபாவளிக்கு வந்து போகும் நமக்குத் தெரிந்திருக்காது என்பதையே நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அதே தம்பி மீண்டும்: அப்படியானால் குழாய் வழியே கொடுக்கும் கஞ்சியையும் நிறுத்துவீர்கள். பட்டினி போட்டு அனுப்புவது எந்த தர்மம்?

உங்கள் கோபம் அன்பிலிருந்து வருகிறது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். நம் வீடுகளில் சோறு ஊட்டுவதுதான் கடைசிவரை செய்யக்கூடிய பணிவிடை. அதை நிறுத்துவதாக நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. ஆனால் இறுதி நாட்களில் உடலுக்குப் பசி அடங்கிவிடுகிறது. அப்போது வலிந்து செலுத்தும் நீரும் உணவும் கை கால்களில் வீக்கமாகவும் நுரையீரலில் நீராகவும் தேங்கி, மூச்சுத்திணறலையே கூட்டக்கூடும். உதட்டை ஈரத் துணியால் நனைத்து, வாயைத் துடைத்து, கையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் பணிவிடைதான். வென்டிலேட்டரை விலக்கும் அன்றே குழாயையும் எடுத்தாக வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. இரண்டும் தனித்தனி முடிவுகள்.

மறுபடியும் அவரே: ஊர் என்ன சொல்லும்?

ஊர் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கவில்லை. அண்ணியை எதிரியாக்காமல், மருத்துவரிடம் குடும்பத்தார் அனைவருக்கும் ஒரே நேரத்தில் விளக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு வேளையில் ஆளுக்கொரு விதமாகக் கேட்பதில்தான் பாதிச் சண்டைகள் பிறக்கின்றன.

வென்டிலேட்டரை எடுத்தால் எத்தனை நாள் இருப்பார்?

இதே கேள்வியை இன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். சில நிமிடங்களாகவும் இருக்கலாம், சில நாட்களாகவும் இருக்கலாம். தயவுசெய்து என்னிடம் எண் கேட்காதீர்கள்.

மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக என்று எழுதிக் கொடுத்து மனைவியை வீட்டுக்கே அழைத்துச் செல்லலாமா?

வீட்டில் இறப்பது நல்லதுதான். ஆனால் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் மார்ஃபின் மருந்தும், அதைக் கொடுக்கத் தெரிந்த செவிலியரும், இரவில் அழைத்தால் எடுக்கும் மருத்துவரும் இல்லாமல் ஆம்புலன்ஸில் ஏற்றாதீர்கள். வழியிலேயே மூச்சுக்கான குழாயைப் பிடுங்கி, மூச்சுக்குத் தவிக்க விட்டு, அந்தக் காட்சியை வாழ்நாள் முழுவதும் சுமக்கும் கணவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் வலி தணிப்புப் பிரிவு மருத்துவரைச் சந்தியுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.

அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கை எப்படி இயக்குவது?

வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அப்பாவை இன்றிரவே வீட்டுக்குக் கொண்டுபோகிறோம், சரிதானே?

மார்ஃபின் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் சரியில்லை. மேலே எழுதியதைப் படியுங்கள்.

நானும் மனைவியும் நலமாக இருக்கிறோம். இப்போது என்ன செய்யலாம்?

இருவரும் தனித்தனியே வாழும் உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பம் பெற்றால் போதும். உங்களுக்காகப் பேசப்போகிறவரின் பெயரைக் குறிப்பிட்டு, நகலை அவரிடமும் குடும்ப மருத்துவரிடமும் கொடுங்கள். எழுதியதைப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.