வரிசைகளுக்கு நடுவில் பவர் வீடர் ஓட்டினால் மண் ஏன் செடி மேல் விழுகிறது?

கிராஞ்சியில் கத்தரி நட்டு, வீடர் (களையெடுக்கும் சிறு இயந்திரம்) ஓட்டியதும் கன்றுகள் பாதி புதைந்துவிட்டன என்று கேட்டிருந்தீர்கள். கத்தி மாட்டிய விதத்தைப் பாருங்கள். எல் வடிவக் கத்தி மேலிருந்து கீழாக வெட்டி மண்ணைப் பின்னால் வீசும். அது பின்மூடியில் மோதி உடைந்து விழும். கத்திகளின் மடிந்த முனைகள் வெளிப்பக்கம் பார்த்தால் மண் இருபுறமும் செடிப்பக்கம் ஒதுங்கி நடுவில் பள்ளம் விழும். உட்பக்கம் பார்த்தால் நடுவிலேயே குவியும். மடிப்பின் திசையை மாற்ற இடது, வலது கத்திகளை இடம் மாற்றும்போது கூர்விளிம்பு சுழலும் திசையிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் வெட்டாமல் மண்ணை அமுக்கும். இளங்கன்று என்றால் உட்பக்க மடிப்போடு, மண் செடிப்பக்கம் போகாமல் தடுக்கும் ஓரத்தட்டும் மாட்டுங்கள். கத்தரி வளர்ந்தபின் மண் அணைக்க வெளிமடிப்பே தோது. நம்மூர் மழைக்குப் பிறகு உடனே இறங்காதீர்கள், ஈரக் களிமண் கத்தியிலேயே அப்பிக்கொள்ளும்.