கலேயில் சோறு கொடுப்பவர்களை நம்பலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, லண்டனுக்குக் கடல் தாண்ட, பிரான்சின் வடகரையில் இருக்கிற கலேக்குப் போகலாம் என்று இருக்கிறேன், அங்கே சாப்பாடும் கூடாரமும் கொடுக்கிற வெள்ளைக்காரர்கள் யார், அவர்களிடம் பேசினால் போலீசுக்குத் தகவல் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாரிஸில் இருப்பவன்.

என் பதில், நம்புங்கள். லோபேர்ஜ் தே மிக்றான் 2008 இலிருந்து கலேயில் இயங்குகிற சங்கம். ஊதோப்பியா 56 என்று இன்னொன்று. அதன் ஆட்கள் இரவில் கடற்கரையோரம் சுற்றி, படகு கவிழ்ந்து நனைந்து வருபவர்களுக்கு உலர்ந்த உடுப்புக் கொடுப்பார்கள். காசு கேட்க மாட்டார்கள். போலீஸ் இரண்டு நாளுக்கொரு தடவை வந்து கூடாரங்களைப் பிடுங்கிக்கொண்டு போகும், இவர்கள் திரும்பவும் கொண்டுவருவார்கள். 2017 மார்ச்சில் கலே நகரசபை சாப்பாடு கொடுப்பதையே தடுக்கப் பார்த்தது. சங்கங்கள் லில் நகரத்து நிர்வாக நீதிமன்றத்துக்குப் போய் அதை நிறுத்தின. போலீசோடு சேர்ந்தவர்கள் இதைச் செய்வார்களா?

இத்தாலி எல்லையில், ரொயா பள்ளத்தாக்கில், செட்ரிக் ஏரூ என்று ஒரு ஒலிவ் விவசாயி இருக்கிறார். எல்லை தாண்டி வந்தவர்களுக்கு உதவியதற்காக 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. மனிதன் விடவில்லை, வழக்கை மேலே கொண்டுபோனார். இங்கே பள்ளிக்கூட வாசல்களில் சகோதரத்துவம் என்று பொறித்திருக்கிறார்களே, அது அரசியலமைப்பின் பலம் உள்ள கொள்கை என்று 2018 ஜூலை 6 அன்று அரசியலமைப்புச் சபை தீர்ப்புச் சொன்னது. மனிதாபிமானத்தோடு உதவலாம், உதவி பெறுகிறவரிடம் விசா இருக்கிறதா என்பது பொருட்டில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பு நாட்டுக்குள்ளே செய்கிற உதவிக்குத்தான். எல்லை கடத்திவிடுவது இன்றைக்கும் குற்றம். அதனால் உண்மையான தொண்டர் யாரும் உங்களை லண்டனுக்கு ஏற்றிவிடுகிறேன் என்று சொல்ல மாட்டார். சொல்கிறவன் காசுக்கு ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரன். அந்த ரப்பர் படகில் ஏறாதீர்கள், தம்பி. 2021 நவம்பர் 24 அன்று குறைந்தது 27 பேர் அந்தக் கடலில் செத்தார்கள். தொலைபேசியில் கெஞ்சியவர்களிடம் நீங்கள் இங்கிலாந்துக் கடலில் இருக்கிறீர்கள் என்று பிரெஞ்சுக் கடல் மீட்பு நிலையம் சொன்னது ஒலிப்பதிவாகவே இருக்கிறது.

நீங்கள் பயப்பட வேண்டியது வெள்ளைக்காரத் தொண்டர்களுக்கு இல்லை, நம் தமிழ் ஆட்களில் சிலருக்கு. நான் வந்த புதிதில், பாரிஸில் நம் கடைகள் இருக்கிற லாசப்பலில், ஒருவர் ஒப்ராவுக்கு, அதாவது தஞ்சக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கிற அரச அலுவலகத்துக்கு, கேஸ் எழுதித் தருகிறேன் என்று காசு வாங்கினார். யாருக்கோ எழுதிய கதையில் என் பெயரைப் போட்டுக் கொடுத்தார், அதில் ஊர்கூட என் ஊர் இல்லை. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி என்னைச் சொல்லவைத்து எழுதியவர் ஒரு சங்கத்தில் தொண்டு செய்த ஓய்வுபெற்ற பிரெஞ்சு ரீச்சர். நான் அழுதால் பேனையை வைத்துவிட்டுக் காத்திருப்பார். ஒரு சதம் வாங்கவில்லை. அவர் சொல்லித் தந்த பிரெஞ்சில்தான் இன்றைக்கு பிறிபெக்சர் என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசுகிறேன்.

இங்கேயே தஞ்சம் கேட்பதென்றால், பிறிபெக்சரில் பதிந்ததிலிருந்து 21 நாளுக்குள் ஒப்ராவுக்குப் படிவம் போக வேண்டும். நிராகரித்தால் மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம், அரச செலவில் வழக்கறிஞர் கேட்க 15 நாள்தான். சிமாட் போன்ற சங்கங்களில் இதற்குக் காசில்லாமல் உதவுவார்கள்.

இன்னொன்று. பாரிஸின் வடக்கு விளிம்பில், போர்த் து லா சப்பலில், தெருவில் படுத்திருக்கிற சூடான்காரரைப் பார்த்து, இவர்களால்தான் நமக்குக் கெட்ட பெயர் என்று நம்மவர் சொல்வதைக் கேட்பீர்கள். லொறிக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஒளிந்து வந்தவர்களே அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு எரியும். சனிக்கிழமைகளில் நாங்கள் சில பேர் சோறும் பருப்பும் சமைத்து அங்கே கொண்டுபோகிறோம். ஆப்கான் பொடியங்களுக்கு உறைப்பைக் குறைக்க வேண்டும், சூடான்காரர் இன்னும் கேட்பார்கள். கலேக்குப் போகுமுன் ஒரு சனிக்கிழமை வந்து எங்களோடு நில்லுங்கள். அந்த வரிசையில் கடலுக்குப் போய்த் திரும்பி வந்தவர்களும் நிற்பார்கள், அவர்களிடமே கேளுங்கள்.