18 லட்சத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி தொண்டிக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க ஆச்சி

போன ஞாயித்துக்கிழமை தேவகோட்டைல இருந்து ஒரு ஆச்சியும் அவுக மகளும் வந்திருந்தாக. பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கு. சென்னைல ஒரு காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ், மொத்தம் 18 லட்சம், பெங்களூர் அம்மான் சொல்லிட்டாக, பங்காளி வீட்டுப் பிள்ளைக எல்லாம் அதுதான் படிக்குதுக, நம்ம பிள்ளை மட்டும் பிஎஸ்சின்னா நாளைக்கு வரன் பாக்குறப்ப என்ன சொல்றதுன்னு ஆச்சி கண்ணு கலங்கிட்டாக. நானும் ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லிக்கிட்டு இருந்தேன், அதுக்குள்ள பொண்ணு ஒரு நோட்டை நீட்டுச்சு. கடலுக்கு அடியில இருக்க உப்பு ஏரி படம், ஓரத்துல 'செரியம்'னு ஒரு தனிமத்தோட பேரை எழுதி அடியில மூணு கோடு. அதோட ஆறுதலை நிறுத்திட்டேன்.

ஆச்சி, 10 லட்சம் வெளிய வாங்கப்போறதா சொன்னீங்க. வட்டிக் கணக்கு பாத்துப் பாத்து வளந்த குடும்பம், இந்தக் கணக்கை நான் சொல்லித்தான் தெரியணுமா? பிடிக்காத படிப்புக்கு வட்டி கட்டாதீங்க.

பொண்ணு வரைஞ்சது விளையாட்டு இல்ல. செரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் அருமண் தனிமங்கன்னு ஒரே குடும்பம். கடல்தண்ணி ஒரு லிட்டர்ல நியோடிமியம் சில நானோகிராம்தான் இருக்கும், ஒரு கிராமை நூறு கோடியா பிரிச்சா அதுல ஒரு பங்குதான் நானோகிராம். இந்த அருமண் தனிமங்க பொதுவா மூணு எலக்ட்ரான் இழந்த நிலையில கடல்ல கிடக்கும், செரியம் மட்டும் ஆக்சிஜன் இருந்தா நாலாவதையும் விட்டுட்டு மாங்கனீஸ் ஆக்சைடு துகள்ல ஒட்டி கீழ போயிடும், அதனால பக்கத்துல இருக்க லாந்தனத்தோட ஒப்பிட்டா கடல்தண்ணில செரியம் குறைச்சலாவே தெரியும். மத்தியதரைக்கடல்ல 3000 மீட்டருக்கும் கீழ பானக் படுகைன்னு ஒண்ணு இருக்கு. 50 லட்சம் வருஷத்துக்கும் முன்னாடி அந்தக் கடல் வத்துனப்ப படிஞ்ச உப்பு கரைஞ்சு பள்ளத்துல தேங்கி நிக்குது. நன்னாரி சர்பத்தைக் கலக்காம வச்சா சிரப் அடியிலயே நிக்குமே, அதே மாதிரிதான், மேல்தண்ணியோட கலக்காது, ஆக்சிஜன் போகாது, அழுகுன முட்டை வாடை அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடுதான். மேல இருந்து விழுற துகள் அந்த எல்லைக்கு வந்ததும் மாங்கனீஸ் கரைஞ்சு, அது சுமந்துட்டு வந்த செரியமெல்லாம் திரும்பத் தண்ணிக்கே வந்துடும். பழைய கடல்ல ஆக்சிஜன் இருந்துச்சா இல்லையான்னு இன்னைக்குப் பாறைல படிக்கிறதுக்கு இந்த செரியம் கணக்குதான் ஒரு சாவி. எனக்கு இதைச் சொல்றப்பவே சிலிர்க்குது, அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்!

வழி என்னன்னா, காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரில பிஎஸ்சி கெமிஸ்ட்ரி, வீட்டுல இருந்தே பஸ்ல போகலாம், அரசு ஃபீஸ். மூணாவது வருஷம் எம்எஸ்சி சேர்றதுக்கான ஜாம் (JAM) நுழைவுப் பரீட்சை எழுதி நல்ல இடத்துல எம்எஸ்சி. அப்புறம் நெட் (NET)ங்கிற தேசிய தகுதித் தேர்வு, அதுல புவி, கடல் அறிவியலுக்குன்னே தனித் தாள் இருக்கு, ஜேஆர்எஃப்ங்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் இடம் கிடைச்சா மாசம் 37,000 ரூபா உதவித்தொகையோட ஆராய்ச்சி. கோவா தேசிய கடலியல் நிறுவனம், அகமதாபாத் பிஆர்எல்ங்கிற இயற்பியல் ஆய்வுக்கூடம் எல்லாம் அந்தக் கட்டத்துக்கு. எலக்ட்ரான் போக்குவரத்தையே தொழிலா வச்சிருக்க சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம்ம காரைக்குடிலயே இருக்கு, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்தது. சம்பளம்னு கைல நிக்க எட்டு ஒன்பது வருஷமாவது ஆகும், அதை நான் மறைக்கல. ஆனா அதுவரைக்கும் கடன் இல்ல.

அம்மான்கிட்ட நானே பேசுறேன். நீங்க அட்வான்ஸ் கட்டாதீங்க. அழகப்பா பல்கலைக்கழகத்தோட கடலியல் துறை தொண்டிலதான் இருக்கு, இந்த வாரம் பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க, நோட்டையும் எடுத்துக்கிட்டுப் போகட்டும், அங்க இருக்கவுக கிட்ட பிள்ளையே பேசட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க.