தேவனாம்பட்டினத்தில் நீங்க பார்த்தது ஒரே இனம்தான்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில எடுத்த ரெண்டு படத்தை அனுப்பி, டிசம்பர்ல வெள்ளைத் தலை, ஏப்ரல்ல பழுப்புத் தலை, ரெண்டும் வேற வேற கடற்காகமான்னு கேட்டிருந்தீங்க. இல்லைங்க, ரெண்டுமே பழுப்புத்தலைக் கடற்காகம். குளிர்காலத்துல தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால மை தொட்டு வச்ச மாதிரி ஒரு பொட்டு மட்டும் மிஞ்சும். முகம் பழுப்பாச்சுன்னா இனப்பெருக்கத்துக்குக் கிளம்பத் தயாராகுதுன்னு அர்த்தம். எங்கே தெரியுமா? திபெத் மேட்டுநில ஏரிகளுக்கு, லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்துல இருக்கிற சோ மோரிரிக்கு! அங்கே கூட்டமா தரையிலேயே கூடு கட்டும்.

குழப்புறது அதோட உறவான கருந்தலைக் கடற்காகம். அது ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் சதுப்புநிலங்கள்ல குஞ்சு பொரிக்கும். தலையை நம்பாதீங்க, இறக்கை நுனியைப் பாருங்க. உங்க ரெண்டு படத்திலும் கறுப்புக்குள்ள வெள்ளைத் திட்டு தெளிவா இருக்கு. கருந்தலைக்கு முன்விளிம்பே வெள்ளைப் பட்டையா இருக்கும்.