மகள் விடுதிக்குப் போனபின் வரும் அழுகை

சகோதரி, 47 வயது, மாதவிலக்கு தாறுமாறு, நடுராத்திரியில் வியர்த்து விழிப்பு, மகள் விடுதிக்குப் போனதிலிருந்து காரணமில்லாமல் அழுகை என்கிறீர்கள். காரணம் இருக்கிறது. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில வருடங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும். தூக்கமும் மனசும் கூடவே ஆடும். அந்த நேரத்தில்தான் பிரிவும் வந்திருக்கிறது. உங்கள் கணவர் சொல்வதுபோல 'சும்மா இருப்பதால் வருவது' இல்லை.

முதலில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனையும் கேளுங்கள். அவற்றாலும் இதே சோர்வு வரும். மணிக்கொரு நாப்கின் நனைந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

மூன்று பேருக்கு அரிசி களைந்த கை சட்டென்று மாறாது. மீந்த சோற்றைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. மகளிடம் 'சாப்பிட்டாயா' என்பதோடு நிறுத்தாதீர்கள், தூக்கம் வராததையும் சொல்லுங்கள். அவளுக்கும் தெரியட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.