வீட்டில் செய்யும் கிரீம் இறால் பாஸ்தாவில் சாஸ் திரிவது ஏன்? இறால் ரப்பராகாமல் செய்வது எப்படி?

கேள்வி இது: "சென்னையில் இருக்கிறோம். திருமண நாளன்று வீட்டிலேயே இறாலும் கணவாயும் போட்டுக் கிரீம் பாஸ்தா செய்தேன். உரித்த இறால் அரைக் கிலோ வாங்கினேன். 200 மி.லி. கிரீம் பெட்டி முழுவதையும் ஊற்றி, இறாலையும் கணவாயையும் அதிலேயே பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, எலுமிச்சை பிழிந்தேன். சாஸ் திரிந்துவிட்டது, இறால் ரப்பராகிவிட்டது, கடலின் ருசியே இல்லை. எங்கே தவறினேன்?"

மீன் கடையிலேயே தவறிவிட்டீர்கள். உரித்த இறால் வாங்கினீர்கள் அல்லவா, அங்கே.

இறாலின் ருசியில் பெரும்பங்கு தலையிலும் ஓட்டிலும்தான் இருக்கிறது. அதைக் கடைக்காரரின் குப்பைக் கூடையில் விட்டுவிட்டு, வெறும் சதையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன்மேல் கிரீமைக் கொட்டினால் பால் வாசனைதான் வரும். நல்ல உணவகத்துச் சாஸில் ருசிப்பது ஓட்டுச் சாறு, அதாவது ஓட்டையும் தலையையும் வதக்கி வேகவைத்து எடுத்த சாறு. கிரீம் அதற்கு வழவழப்பும் கொஞ்சம் இனிப்பும் தருகிறது, அவ்வளவுதான். ஆகவே அடுத்த முறை "உரித்துத் தரட்டுமா?" என்று அவர் கேட்கும்போது, தலையோடு முழு இறாலாகவே வாங்கிக்கொள்ளுங்கள். உரிக்க நேரமில்லை என்றால் உரித்துத் தரச் சொல்லி, ஓட்டையும் தலையையும் தனிப் பையில் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

எந்த இறால் என்று அலைய வேண்டாம். கிலோவுக்கு 30 முதல் 40 வரை நிற்கும் அளவு போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த வனாமி இறால்தான். வனாமி என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த இனம் அது. 2009இல் இங்கே வளர்க்க அனுமதி கிடைத்தது. கடல் இறாலின் ஆழமான ருசி அதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று நாள் பனிக்கட்டியில் கிடந்த கடல் இறாலைவிட அன்று பிடித்த வனாமி எவ்வளவோ மேல். உறைந்த இறால் வாங்கினால் குளிர்ந்த நீரில் போட்டு உருகவைத்து, துணியில் நன்றாக ஒற்றியெடுங்கள். சிலவற்றை எடை நிற்பதற்காகப் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்திருப்பார்கள். சட்டியில் போட்டதும் தண்ணீர் விட்டு, வதங்காமல் வேகத் தொடங்கிவிடும்.

கணவாயில் நீளமாக, ஒல்லியாக இருக்கும் ஊசிக் கணவாயை வாங்குங்கள். தடித்த பெரிய கணவாய் குழம்புக்கு நல்லது, இதற்கு வேண்டாம். மீன் சேர்க்க ஆசையிருந்தால் கொடுவா. வஞ்சிரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, வறுவலில். கிரீம் சாஸில் அது உலர்ந்து உதிரும்.

இன்னொன்று: இறாலை மஞ்சள் தூள் போட்டு அலசும் வழக்கத்தை இந்த ஒரு நாள் விட்டுவிடுங்கள். கிரீம் மஞ்சளாவதோடு, அந்த மணம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கல் உப்புத் தேய்த்து இரண்டு முறை அலசினால் போதும். முதுகில் ஓடும் கருப்பு நரம்பை எடுத்துவிடுங்கள்.

இப்போது ஓட்டுச் சாறு. மூன்று பேருக்கு அளவு சொல்கிறேன்: தலையோடு இறால் அரைக் கிலோ, கணவாய் 200 கிராம், பாஸ்தா 270 கிராம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் 20 கிராம் வெண்ணெயும் சூடானதும், ஓட்டையும் தலையையும் போட்டு மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறுங்கள். சாம்பல் நிறமாக இருந்தவை சிவந்து வரும். அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி பச்சை இறாலில் ஒரு புரதத்தோடு பிணைந்து மறைந்து கிடக்கிறது. சூட்டில் அந்தப் பிணைப்பு விட்டதும் வெளியே வருகிறது. அந்த நிறமும் ஓட்டின் மணத்தில் பெரும்பகுதியும் கொழுப்பில்தான் கரையும். அதனால்தான் முதலில் வெண்ணெய், பிறகு தண்ணீர். நேரே தண்ணீரில் போட்டு வேகவைத்தால் வெளுத்த சாறுதான் கிடைக்கும்.

சிவந்ததும் நான்கு பல் பூண்டு, ஐந்தாறு மிளகு, ஒரு தேக்கரண்டி தக்காளி விழுது சேர்த்து ஒரு நிமிடம் வதக்கி, 400 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். மத்தால் தலைகளை நசுக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் செம்மஞ்சள் கொழுப்பு முழுவதும் இறங்க வேண்டும். இருபது நிமிடம் மெல்லக் கொதித்த பிறகு வடிகட்டி, ஓட்டை நன்றாக அழுத்திப் பிழியுங்கள். கிடைப்பதைச் சுமார் 150 மி.லி. வரும்வரை சுண்டவிடுங்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கிரீம் எவ்வளவு குறைவாக வேண்டும் என்று நான் சொல்லாமலே தெரிந்துவிடும்.

அடுத்து கிரீம் திரிந்த கதை. காகிதப் பெட்டியில் ஃபிரெஷ் கிரீம் என்று நம் கடைகளில் கிடைப்பதில் கொழுப்பு பொதுவாக 25 சதவீதம். அமெரிக்காவில் ஹெவி கிரீம் என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 36 சதவீதம் இருக்க வேண்டும். பாலிலுள்ள கேசீன் புரதம் புளிப்பும் சூடும் சேர்ந்தால் திரளும். கொழுப்பு கூடிய கிரீமில் அந்தப் புரதம் ஒப்பளவில் குறைவு, அதனால் தாக்குப்பிடிக்கிறது. வெளிநாட்டுக் காணொளியில் ஒருவர் ஒயினில் கிரீமை ஊற்றிக் கொதிக்கவிட்டு, மேலே எலுமிச்சையும் பிழிகிறார் என்றால் அவருடைய கிரீம் அதைத் தாங்கும். நம்முடையது தாங்காது. திருநெல்வேலிச் சொதியில் முதல் தேங்காய்ப் பாலை எப்போது ஊற்றுவீர்கள்? எல்லாம் வெந்து, தீ தணிந்த பிறகு. ஊற்றியபின் கொதிக்கவிடுவீர்களா? அதே கைப்பழக்கம்தான் இங்கேயும் வேண்டும். கிரீமை வெளியே எடுத்துவைத்துக் குளிர் போனபின், கடைசியில், குறைந்த தீயில் ஊற்றுங்கள். எலுமிச்சை, அடுப்பை அணைத்த பிறகு சில சொட்டுகள் மட்டும்.

அளவு 80 முதல் 100 மி.லி. போதும். "அவ்வளவு குறைவாகப் போட்டால் சாஸ் கெட்டியாகுமா?" என்று கேட்பீர்கள். கெட்டித்தன்மையைத் தருவது பாஸ்தா வடித்த நீரிலுள்ள மாவுச்சத்து. அது கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும். ரோமில் ஆல்ஃப்ரெடோ டி லெலியோ என்பவர் பரிமாறிய புகழ்பெற்ற பெட்டுச்சினி என்ற நாடா வடிவப் பாஸ்தாவில் கிரீமே கிடையாது. வெண்ணெய், பார்மிஜானோ பாலாடைக்கட்டி, வடித்த நீர், இவ்வளவுதான். 1920இல் தேனிலவுக்குப் போன ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்ஸும் அங்கே சாப்பிட்டு மயங்கி, அதன் புகழை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். கிரீம் அமெரிக்கச் சமையலறைகளில் சேர்ந்துகொண்டது. இத்தாலியர்களும் முழுக்கத் தூய்மைவாதிகள் அல்லர். 1980களில் அவர்களே கிரீமும் சால்மன் மீனும் போட்டுப் பென்னே என்ற குழல் பாஸ்தாவை ஆசையாகச் சாப்பிட்டார்கள். ஆகவே கிரீம் போட்டதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

மைதா வறுத்துப் பால் ஊற்றிச் செய்யும் வெள்ளைச் சாஸ் திரியாது, உண்மைதான். ஆனால் மைதா கடல் ருசியின் மேல் ஒரு போர்வை போர்த்திவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோளமும் குடைமிளகாயும் போட்டுச் செய்யுங்கள், இறாலுக்கு வேண்டாம். பாலாடைக்கட்டி விஷயத்தில் இத்தாலியப் பாட்டிமார் கடல் உணவோடு அதைச் சேர்க்கவே விடமாட்டார்கள், நானும் அவர்கள் கட்சி. ஒரே ஒரு விலக்கு: சாஸ் திரியும் என்ற பயம் போகவில்லை என்றால், பிராசஸ்டு சீஸ் துண்டு ஒன்றைச் சூடான ஓட்டுச் சாற்றில் கரைத்துவிட்டு, அதன்பிறகு கிரீமை ஊற்றுங்கள். அது உருகும்போது பிரியாமலிருக்கச் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். அவை உங்கள் சாஸையும் சேர்த்துக் காப்பாற்றும். சமையல் வல்லுநர்கள் இதை வெளியே சொல்லமாட்டார்கள்.

பாஸ்தா வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கம் டியூரம் என்ற கடினக் கோதுமையின் ரவை என்று இருக்கிறதா பாருங்கள். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். மைதா கலந்தது குழைந்துவிடும், சாஸில் இரண்டாம் முறை வேகவைக்க முடியாது. தட்டையாக நீண்ட லிங்குயினியோ ஸ்பகெட்டியோ கிடைத்தால் நல்லது, பென்னேயும் குற்றமில்லை. மேற்பரப்பு கண்ணாடிபோல மின்னாமல் மாவு பூசியதுபோல் சொரசொரப்பாக இருந்தால் வெண்கல அச்சில் பிழிந்தது என்று பொருள். சாஸ் அதில் நன்றாக ஒட்டும்.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வாய்பாடு. நாம் வடித்த நீரையே நம்பியிருப்பதால் இரண்டு லிட்டரில் வேகவையுங்கள், மாவுச்சத்து செறிவாக இருக்கும். உப்பு 15 கிராம் போதும். அந்த நீர் சாஸில் சுண்டப்போகிறது, ஓட்டுச் சாறும் கொஞ்சம் கரிக்கும். எண்ணெய் ஊற்றாதீர்கள். வடித்தபின் குழாய் நீரில் அலசாதீர்கள். அலசினால் ஒட்டும் தன்மை சாக்கடைக்குப் போய்விடும்.

இறாலும் கணவாயும் சாஸுக்குள் வேகவே கூடாது. உங்களுக்கு ரப்பர் கிடைத்தது அதனால்தான். பாஸ்தா நீர் கொதிக்கத் தொடங்கும்போது அகலமான சட்டியை நன்றாகச் சூடாக்கி, ஈரம் ஒற்றிய இறாலை இடைவெளி விட்டுப் பரப்புங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம், திருப்பி அதைவிடக் கொஞ்சம் குறைவாக. அரைவட்டமாக வளைந்து, நடுவில் லேசாகக் கண்ணாடித்தன்மை இருக்கும்போதே தட்டில் எடுத்துவிடுங்கள். மிச்சச் சூட்டில் தானே வெந்துவிடும். முழு வட்டமாகச் சுருண்டால் நேரம் கடந்துவிட்டது. கணவாய் வளையங்களுக்கும் அதே சட்டி, அதே கடுஞ்சூடு, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். கணவாய்க்கு இரண்டே வழி: இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அல்லது முக்கால் மணி நேரம் மெதுவாக வேகவிட வேண்டும். நீங்கள் கொடுத்த பத்து நிமிடம் சரியாக இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

இனி எல்லாம் வேகமாக நடக்கும், ஆகவே பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அதே சட்டியில் 20 கிராம் வெண்ணெய், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஏழெட்டு, பூண்டு மூன்று பல், கொஞ்சம் மிளகாய்த் துகள். வெங்காயம் நிறம் மாறாமல் வதங்கியதும் ஓட்டுச் சாற்றை ஊற்றுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே பாஸ்தாவை இடுக்கியால் தூக்கி நேரே சாற்றில் போடுங்கள். ஒரு கரண்டி வடித்த நீர் ஊற்றி, பெரிய தீயில் விடாமல் புரட்டுங்கள். பாஸ்தா சாற்றைக் குடித்துக்கொண்டே வேகும். நீர் வற்றினால் இன்னொரு கரண்டி. பாஸ்தா பல்லுக்குச் சற்றே எதிர்ப்புக் காட்டும் பதம் வந்ததும் தீயைக் குறைத்துக் கிரீம், அரை நிமிடம் கழித்து இறாலும் கணவாயும் தட்டில் வடிந்திருக்கும் சாறோடு. அடுப்பை அணைத்து எலுமிச்சைச் சொட்டுகள், புதிதாக இடித்த மிளகு, பார்ஸ்லி. பார்ஸ்லி கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கொத்தமல்லி போட்டால் நாக்கு உடனே ஊர்ப் பக்கம் திரும்பிவிடும். பீட்சா கடையில் கொடுத்துச் சேர்ந்துபோன ஆரிகனோ பொட்டலங்களுக்கும் இங்கே வேலையில்லை.

சட்டியில் சாஸ் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே பரிமாறுங்கள். மேசைக்குப் போவதற்குள் பாஸ்தா இன்னும் உறிஞ்சிக் கெட்டியாகும். சட்டியில் சரியாக இருந்தது தட்டில் களியாகிவிடும். வடித்த நீரில் ஒரு குவளையைக் கடைசிவரை கொட்டாமல் வைத்திருங்கள். விருந்தினர் வந்து பேசி உட்காரும் நேரத்தை நம்பிச் செய்யும் உணவு அல்ல இது. அவர்கள் உட்கார்ந்த பிறகு பாஸ்தாவைத் தண்ணீரில் போடுங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம் பசியோடு காத்திருக்கட்டும். ஓட்டுச் சாற்றை மட்டும் முந்தின நாளே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம்.

மீந்தால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள். கிரீம் பிரியும், இறால் மறுபடி ரப்பராகும். இறாலைத் தனியே பொறுக்கி எடுத்துவிட்டு, பாஸ்தாவில் இரண்டு மூன்று கரண்டி பால் தெளித்துச் சிறு தீயில் கிளறி, சூடானதும் இறாலைக் கலந்துகொள்ளுங்கள்.